ஆரோக்கிய அணியின் கடைசி ஆள்

குண்டாக இருக்கிறவர்களுக்கு உலகத்தில் வேறு எது கிடைக்காவிட்டாலும் அறிவுரை கிடைக்கும். கேட்டுப் போக வேண்டியதில்லை, தேடி வரும். சிலாபம் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத அன்ரி, "காலையில வெந்நீர்ல தேசிக்காய் விட்டுக் குடி பிள்ளை" என்பார். (தனக்குப் பாதிச் சீற்றைத்தான் நான் மிச்சம் வைத்தேன் என்ற கோபம் அவருக்கு.) தடிமன் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனால் டொக்டர் தடிமனை விட்டுவிட்டு என் தடிமனைப் பற்றிப் பேசுவார். கோயிலில் பொங்கல் கொடுக்கிறவரின் கை என் முன்னால் வந்ததும் ஒரு கணம் யோசிக்கும்.

நான் அன்றைக்கும் குண்டு, இன்றைக்கும் குண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மெலிந்து அழகாகிவிடுவாள் என்று எதிர்பார்த்து வாசிக்கத் தொடங்கியவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் குறையில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் கரையோரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம், அங்கே இன்னமும் என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விடுதியில் தங்கிப் படிப்பு. கென்ரீனில் மாலுபாண் என்றொரு மீன் வைத்த பணிஸ் விற்பார்கள். சூடாக வரும்போது அதன் வாசம் வகுப்பறைக்குள் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது எங்கள் விளையாட்டுத்துறை ஆசிரியரான சேருக்கு எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

சேர் ஈர்க்குச்சி மாதிரி ஒரு மனிதர். கெட்டவர் அல்லர், அதுதான் கஷ்டம். கெட்டவர் என்றால் மனதுக்குள் ஏசிவிட்டுப் போகலாம். இவரோ உண்மையாகவே எங்கள் இருதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒருநாள் சாப்பாட்டு மண்டப வாசலில் நின்று, உள்ளே வந்த பெண்பிள்ளைகளில் எட்டுப் பேரை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கினார். தராசு கிராசு ஒன்றும் இல்லை, கண்ணாலேயே நிறுத்துவிட்டார். "இன்றையில இருந்து நீங்கதான் ஆரோக்கிய அணி" என்றார். விடுதிப் பிள்ளைகள் அன்று பின்னேரமே எங்களுக்கு 'லொறி அணி' என்று பெயர் மாற்றி வைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் ஏரோபிக்ஸ் தொடங்கியது. பாட்டுக்கு ஏற்றபடி கையைத் தூக்க வேண்டும், காலை உதைக்க வேண்டும், இடுப்பை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். அதுகூடப் பரவாயில்லை. நடந்த இடம்தான் பிரச்சினை. சத்தப்பெட்டிக்குக் கரண்ட் எடுக்கிற பிளக், ஆண்கள் விடுதியின் விறாந்தையில்தான் இருந்தது. அதனால் ஆண்கள் விடுதிக்கு நேர் முன்னால், பிரதான வீதிக்குப் பக்கத்தில், நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாக நின்று குதித்தோம். பையன்கள் ஒரு கையில் பல்துலக்கியும் மறு கையில் பிளேன்ரீக் கோப்பையுமாக மேல்மாடியில் நின்று பார்த்தார்கள். புத்தளம் போகிற முதல் பஸ் எங்களைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும். கொண்டக்டர் இறங்கி ஆடாத குறை.

சேருக்கு மோட்டிவேஷனில் பெரிய நம்பிக்கை. முடிவில் எங்களைக் கத்தச் சொல்வார்.

"என்னால் முடியும்! சொல்லுங்க!"

"என்னால் முடியும்" என்போம், மூச்சு இருக்கிறவர்கள்.

"கேக்கல்ல!"

"எங்களுக்குக் கேக்குது சேர்!" என்று மேல்மாடியிலிருந்து பதில் வரும்.

இதை நான் பகிடியாக எடுத்துக்கொண்டேன். தடித்த தோல் என்பது வெறும் பேச்சில்லை, என்னிடம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் ரிஹானாவிடம் இருக்கவில்லை. ரிஹானா என் அறைத்தோழி, கற்பிட்டிக்காரி, கணக்கில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. நீளக் கைச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக வந்து, கடைசி வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஆடுவாள். (ஒளிவதற்கு என் முதுகு நல்ல இடம்.) அப்படியிருந்தும் எவனோ ஒருவன் போனில் படம் பிடித்துவிட்டான். அது கைக்குக் கை மாறி, கடைசியில் அவளுடைய நானாவின், அதாவது அண்ணனின், போனுக்கே போய்விட்டது.

அன்று வகுப்பு முடிந்து வந்தபோது ரிஹானா பெட்டியைக் கட்டிலில் திறந்துவைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறாய்?"

"ஊட்டுக்கு. வாப்பாட்ட சொல்லிட்டன், இந்தப் படிப்பு எனக்கு வேணாம் எண்டு."

"விசரா உனக்கு? ஏரோபிக்ஸுக்காகப் படிப்பை விடுறதா?"

"நீ சிரிச்சிட்டுப் போவாய் புவனா. எனக்கு ஒவ்வொரு நாளும் விடியுறதே பயமா இரிக்கி. அல்லாஹ், நான் இந்த மனிசருக்கு என்ன அநியாயம் செஞ்சன்?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நேரே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். சேர் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "சேர், வாற விளையாட்டுப் போட்டியில கயிறு இழுத்தலுக்கு ஆரோக்கிய அணி இறங்குது. நாங்க வெண்டா இந்த ஆட்டத்தை நிப்பாட்டணும்" என்றேன்.

சேர் பாணைக் கீழே வைத்தார். அவர் விளையாட்டுக்காரர், சவாலைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். "சரி. தோத்தா?"

"தோத்தா வருசம் முடியும்வரைக்கும் ஒருநாள் தவறாம ஆடுறம்."

ரிஹானாவிடம் போட்டி முடியும் வரை மட்டும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். "தோத்தா நான் நேரா பஸ் ஏறுவன்" என்றாள். "தோக்கமாட்டம்" என்றேன். நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

எனக்கு ஊர் உடப்பு. அப்பா சம்மாட்டி, சொந்தமாகக் கரைவலை வைத்திருந்தவர். கரைவலை பார்க்காதவர்களுக்கு: தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வரிசை ஆட்கள் பிடித்து, அம்பா பாடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் கால் எடுபடும். வரிசையின் கடைசியில் இருக்கிறவர் மேட்டுக்கு, தென்னைமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் விளிம்புக்கு ஓடிப்போய் வரிசையின் முதல் ஆளாகப் பிடிப்பார். பிறகு அடுத்தவர். வலை கரைக்கு வருகிற வரை இந்தச் சுற்று ஓயாது. மேட்டுக்கு வந்த பிறகும் கயிற்றை விடாமல் நிற்கிறவருக்கு, "என்ன, வேர் விட்டுட்டியா?" என்று ஏச்சு விழும்.

சின்ன வயதில் நானும் அந்தக் கயிற்றில் தொங்கித்தான் வளர்ந்தேன். கயிறு பிடித்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு. பெரியபிள்ளை ஆனதும் அம்மா என்னைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிவார், "என்ட மகள் கயித்தப் பிடிச்சா ரெண்டு ஆம்பிளைக்குச் சமன்" என்று. எனக்கும் அதில் பெருமை. மற்றவர்கள் என் உடம்பில் எதைக் குறை என்றார்களோ, அதுவே எனக்குக் கயிற்றில் மூலதனம்.

ஆகவே அணியின் கடைசி ஆளாக, நங்கூரம் மாதிரி, நான் நிற்பது என்று முடிவாயிற்று. எனக்கு முன்னால் ரிஹானா. எல்லோருக்கும் முன்னால் சிலாபத்து ஷிரோமி. எதற்கெடுத்தாலும் "அனே" என்று சிங்களத்தில் பெருமூச்சு விடுகிற பிள்ளை, ஆனால் கையில் பிடித்தால் உடும்பு. சேர் பெருந்தன்மையாக எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

"புவனா, கடைசி ஆள் கயித்த இடுப்பில சுத்தி எடுக்கணும். அப்பதான் வழுக்காது."

"சேர், நான் உடப்புப் பிள்ளை. கயிறு பிடிக்க எனக்குப் படிப்பிக்கிறீங்களா?"

அன்றைக்கு அந்த வாயைத் தைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

போட்டி நாள் வந்தது. முதலிரண்டு சுற்றுகளும் சுலபம். விசில் ஊதினார்கள், நாங்கள் பின்னுக்குச் சாய்ந்தோம், அவ்வளவுதான். எதிரே நின்றவர்கள் எங்களை நோக்கி வந்து சேர்ந்தார்கள். மேல்மாடிப் பையன்கள்கூடக் கைதட்டினார்கள். இறுதிச் சுற்றில் எங்களோடு மோத வந்தது நெட்போல் அணி. நெட்டையான, கால் முழுக்கத் தசையான பிள்ளைகள். எங்களைப் பார்த்தாலே தோளை ஆட்டி ஏரோபிக்ஸ் ஆடிக் காட்டுவார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன், வேலியோரம் அப்பா நிற்கிறார். மகள் கயிறு இழுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அன்று வலை போடாமல், இழுப்பாட்களில் ஐந்தாறு பேரையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் சாரத்தை மடித்துக் கட்டி, வெற்றிலையும் வாயுமாக, கடலைப் பார்ப்பது போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விசில். இந்தத் தடவை ஒன்றும் அசையவில்லை. அவர்கள் இழுத்தார்கள், நாங்கள் இருந்தோம். நாங்கள் இழுத்தோம், அவர்கள் இருந்தார்கள். உள்ளங்கை எரிந்தது. முன்னால் ரிஹானா ஏதோ ஓதிக்கொண்டிருப்பது கேட்டது. அப்போது வேலிப்பக்கம் இருந்து அம்பா கிளம்பியது.

"சம்மாட்டி மகளைப் பாரு..."

"ஏலேலோ!"

"தள்ளாடுது ஊரு..."

"ஏலேலோ!"

கேட்ட மாத்திரத்தில் என் கால் தானாகப் பின்னே போனது. என் காலோடு ரிஹானாவின் கால், அவள் காலோடு மற்றவர்களின் கால். ஒவ்வொரு ஏலேலோவுக்கும் ஓர் அடி. நெட்போல் பிள்ளைகள் புல்லில் வழுக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் கோட்டைத் தொட இன்னும் ஒரு சாண்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அது மைதானமாகவே தெரியவில்லை. உடப்புக் கரை, காலுக்குக் கீழே மணல், காதில் அம்பா. அடுத்த அடி வைத்தேன். மைதானத்து ஓரத்துத் தென்னைமரத்தின் வேர் என் குதிகாலில் முட்டியது.

மேடு வந்துவிட்டது. தென்னைமரம் வந்துவிட்டது.

நான் கயிற்றை விட்டேன். விட்டுவிட்டு முன்னுக்கு ஓடினேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். உடம்பு செய்தது. ரிஹானாவைத் தாண்டி, ஒவ்வொருத்தராகத் தாண்டி, ஷிரோமியையும் தாண்டி, வரிசையின் முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன். நான் பிடித்த இடம் சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம். நிமிர்ந்தால் மூக்குக்கு நேரே நெட்போல் கப்டனின் மூக்கு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி நின்றோம். அவள் முகத்தில் இருந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஆரோக்கிய அணியின் கடைசி வீராங்கனை... எங்கே போகிறார்?" என்றது ஒலிபெருக்கி.

நங்கூரம் போன தோணி எவ்வளவு நேரம் நிற்கும்? எதிர்ப்பக்கம் ஒரே ஒரு இழுவை. என் அணி மொத்தமும் முகங்குப்புற வந்து என் முதுகில் விழுந்தது. முதலில் ஷிரோமி, "அனே!" என்ற சத்தத்தோடு. பிறகு மற்றவர்கள். ஒரு மூட்டைக்கு மேல் மூட்டையாக ஆரோக்கியம் முழுவதும் என் மேல் இறங்கியது. விசில் ஊதிவிட்டார்கள். வந்திருந்த பிரமுகர் கதிரையில் இருந்து சறுக்கும் அளவுக்குச் சிரித்தார். மேல்மாடியில் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அந்தக் கல்லூரியில் சிரிக்காத வாய் ஒன்றுமில்லை.

வேலியோரத்தைத் தவிர. அப்பாவும் அவருடைய ஆட்களும் சிரிக்கவில்லை. நான் செய்ததில் அவர்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. "சரி! முன்னுக்குப் பிடிச்சிட்டாள்! அடுத்த ஆள் வா, வா!" என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

மண்ணுக்குள் முகம் புதைந்து கிடந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் அல்ல. எனக்கு மேலே எங்கோ ரிஹானா கிடந்தாள், கட்டிலுக்குக் கீழே பெட்டி கிடந்தது. ஒரு சாண் தூரத்தில் வென்றதை நான் கையால் விட்டேன். இப்போது எழும்பி, தூசியைத் தட்டி, தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். அப்படிப் போவதுதான் குண்டுப்பிள்ளைகளுக்கு அழகு என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த எதிர்பார்ப்பைப் பார்த்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது. கயிறு இன்னும் என் கையில்தான் இருந்தது. நெட்போல் பிள்ளைகளில் அநேகர் கயிற்றை எறிந்துவிட்டுக் கட்டிப்பிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இழு புள்ள, இன்னும் வலை வரல்ல!" என்று வேலியில் இருந்து சத்தம்.

எழும்பினேன், இழுத்தேன். ஒரு கை வந்து எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் ரிஹானா. மூக்கில் மண், கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் உடம்பு குலுங்குகிறது. "ஏலேலோ சொல்லுடி" என்றாள். ஷிரோமி பிடித்தாள், மற்றவர்களும் பிடித்தார்கள். விசில் மேல் விசில் ஊத ஊத, கயிறு முழுவதையும் இழுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போனோம். அதன் நுனியில் ஏன் என்று தெரியாமலே தொங்கிக்கொண்டு இரண்டு நெட்போல் பிள்ளைகளும் வந்தார்கள்.

சேர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "புவனா! போட்டி முடிஞ்சுது. நீங்க தோத்துட்டீங்க!"

"ஓம் சேர், தோத்துட்டம். கயிறு யாரிட்ட இருக்கு?"

சேர் பதில் சொல்ல முன் அப்பா வேலி பாய்ந்து வந்துவிட்டார். "தம்பி, ஒரு நியாயத்தைச் சொல்லுங்க. பிள்ளை மேட்டுக்கு வந்துது, விட்டுது, முன்னுக்குப் போய்ப் பிடிச்சுது. முறையாத்தானே செஞ்சுது? பிறகென்ன தோல்வி?" (கயிறு இழுத்தல் என்றால் எதிரே வலை இருக்காது, ஆட்கள்தான் இருப்பார்கள் என்பதை அப்பாவுக்கு இன்றுவரை எங்களால் விளங்கப்படுத்த முடியவில்லை. "அப்ப மீன்?" என்று கேட்பார்.)

பேச்சு என்றால் பேச்சு. தோற்றவர்கள் ஆட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் எட்டுப் பேரும் எழும்பினோம். ரிஹானா பஸ் ஏறவில்லை. பெட்டியை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மேல்மாடி நிறைந்திருந்தது. முதல் நாள் கூத்துக்குப் பிறகு ஆட்டம் பார்க்க இரட்டிப்புக் கூட்டம். சேர் சத்தப்பெட்டியோடு காத்திருந்தார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம், தோளில் அந்தக் கயிற்றோடு. விடுதிக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருந்தது, அங்கே மைதானம் சமப்படுத்துகிற பெரிய கல்லுருளை ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. கயிற்றை அதில் கட்டினோம். நான் அம்பா தொடங்கினேன். மணலில் உருளை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. மேட்டுக்கு வந்தவர் கயிற்றை விட்டு முன்னுக்கு ஓடினார், முறைப்படி.

சேர் தேடிக்கொண்டு வந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏரோபிக்ஸ் எங்க?" என்றார்.

"இதுதான் சேர். இதுக்குப் பிளக் தேவையில்ல."

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது சேர்."

"வேர்க்குதா?"

பதில் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் மூச்சில்லை. சேர் தலையைச் சொறிந்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். முதல் ஏலேலோவிலேயே விழுந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போனது.

வருடம் முடியும் வரை ஒருநாளும் தவறாமல் இழுத்தோம். ஒருத்திகூட மெலியவில்லை. நன்றாகப் பசித்தது. ரிஹானா படிப்பை முடித்தாள், இப்போது ஒரு பெரிய பாடசாலையில் கணக்கு ரீச்சர். அவளுடைய வகுப்பில் யாரையாவது லொறி என்று கூப்பிட்ட பிள்ளையின் கதி என்னவென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

அந்தக் கதை என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைப் பாதியில் விட்டால், "கயித்த விட்டுட்டாள்" என்பார்கள். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போனாலும் அதுதான், பாதிப் பேச்சில் எழுந்தாலும் அதுதான். என் கல்யாணம் முன்னேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. மாப்பிள்ளை ஒல்லி, பார்த்தவர்கள் எல்லாம் அவருக்குச் சாப்பிடச் சொல்லியும் எனக்குச் சாப்பிட வேண்டாமென்றும் அறிவுரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கையை எடுத்து அவர் கையில் வைத்தார். கண் கலங்கியிருக்கிறது, ஏதோ ஆசீர்வாதம் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"பிள்ள, பிடிச்சத விட்டுட்டு முன்னுக்கு ஓடிராத" என்றார்.

முன்வரிசையில் ரிஹானாவும் ஷிரோமியும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மணப்பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிய வேண்டிய இடம். நான் நிமிர்ந்தேன்.

"விட்டாலும் முன்னுக்குத்தானே அப்பா ஓடினன்? பின்னுக்கு ஓடினனா?"

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்பா, "அது சரிதான்" என்று தலையாட்டினார். மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஐயர் பொறுமை இழந்து சொன்னார்:

"பிள்ளை, இப்ப பிடி. ஓடுறதைப் பிறகு பார்ப்பம்."